மாசம் 500 வெள்ளி கட்டியும் கூகுள்ல நம்ம கேட்டரிங் வரமாட்டேங்குது

5 ஜூலை 2025, மாலை 6.15
கேள்வி: பிறை சமையல்கட்டு

நாங்க மலேசியாவுல, பினாங்கு பிறையில கேட்டரிங் பண்றோம். மாமியார் ஆரம்பிச்சது, இப்ப நானும் வீட்டுக்காரரும் பாக்குறோம். கல்யாணம், வளைகாப்பு, பதினாறாம் நாள், கோயில் அன்னதானம், எல்லாத்துக்கும் வாழை இலை சாப்பாடு. போன நவம்பர்ல ஒருத்தர்கிட்ட 2,800 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து வெப்சைட் போட்டோம், அதுக்கு மேல எஸ்இஓன்னு, அதாவது கூகுள் தேடல்ல மேல கொண்டு வர்ற வேலைக்கு, மாசம் 500 வெள்ளி. முதல் பக்கம் கேரண்டின்னு சொன்னார். எட்டு மாசம் ஆச்சு, வெப்சைட் பாத்துட்டு கூப்பிடுறேன்னு ஒரு ஆள் சொல்லல. எங்க பேரையே முழுசா அடிச்சாலும் பழைய ஃபேஸ்புக் பக்கம்தான் வருது. கேட்டா கூகுள் அப்டேட் ஓடுது, பொறுங்கங்குறார். இன்னும் கட்டணுமா, நிறுத்திடலாமா? சின்ன கடைக்கெல்லாம் அங்க இடமே இல்லையா?

5 ஜூலை 2025, இரவு 11.20

தங்கச்சி, நானும் உங்களை மாதிரி சின்ன கடைக்காரன்தான். பேரை அடிச்சாலே வரலன்னா நீங்க பின்னாடி நிக்கிறீங்கன்னு அர்த்தம் இல்ல, வரிசையிலேயே நிக்கல. கூகுள் முதல்ல பக்கத்தை வந்து படிக்கணும், அப்புறம் தன்னோட பட்டியல்ல ஏத்தணும், மூணாவதாதான் யார் முன்னாடி யார் பின்னாடின்னு பாக்கும். உங்களோடது ரெண்டாவது படியில நிக்குதுன்னு நினைக்கிறேன். கூகுள்ல சைட்னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒட்டினாப்ல ரெட்டைப்புள்ளி வச்சு, இடம் விடாம உங்க வெப்சைட் முகவரியை போடுங்க. ஒண்ணுமே வரலன்னா நான் சொன்னதுதான்.

வேர்ட்பிரஸ்ங்கிற வெப்சைட் கட்டுற மென்பொருள்ல கட்டினதா இருந்தா செட்டிங்ஸ் உள்ள ரீடிங்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல தேடுபொறி வர வேணாம்னு ஒரு சின்ன கட்டம். கட்டிட்டு இருக்கும்போது அரைகுறையா யாரும் பாக்க கூடாதுன்னு அதை டிக் பண்ணி வைப்பாங்க, வேலை முடிஞ்சதும் எடுக்க மறந்துடுவாங்க. அந்த ஒரு டிக் இருந்தா, எதை படிக்கலாம் எதை படிக்க கூடாதுன்னு தேடுபொறிக்கு சொல்ற ரோபோட்ஸ் ஃபைல்ல உள்ள வராதேன்னு ஒரு வரி போய் உக்காந்துடும். எட்டு மாசம் என்ன, எட்டு வருஷம் ஆனாலும் வராது.

6 ஜூலை 2025, காலை 7.05

ராத்திரி எழுதினதுல ஒண்ணு தப்பு, கடை திறக்குறதுக்குள்ள திருத்திடுறேன். அந்த டிக் ரோபோட்ஸ் ஃபைல்ல வரி போடுறது பழைய வேர்ட்பிரஸ். 2019ல வந்த 5.3க்கு அப்புறம் பக்கத்தோட தலைப்பகுதியில நோஇண்டெக்ஸ்னு ஒரு குறிப்பு போடுது. ரெண்டும் ஒண்ணுன்னு தோணும், ஆனா ஒண்ணு இல்ல. ரோபோட்ஸ் ஃபைல்ல தடுத்தா பக்கத்தை படிக்காதேன்னு மட்டும்தான் அர்த்தம், வேற எங்கயோ லிங்க் இருந்தா வெறும் முகவரியா கூகுள்ல அது தலைகாட்டலாம். நோஇண்டெக்ஸ்தான் பட்டியல்ல ஏத்தாதேன்னு சொல்றது. ரெண்டையும் சேர்த்து போட்டா இன்னும் குழப்பம், உள்ள வந்து படிச்சாதானே ஏத்தாதேன்னு எழுதியிருக்கிறது அதுக்கு தெரியும்.

ரெட்டைப்புள்ளி போட்டு பாக்குறதும் குத்துமதிப்புதான். சர்ச் கன்சோல்னு கூகுளோட இலவச கருவி இருக்கு, அதுல முகவரியை போட்டா ஏறியிருக்கா இல்லையா, ஏறலன்னா ஏன்னு சொல்லிடும். அதுக்கு உங்ககிட்ட லாகின் இருக்கா?

6 ஜூலை 2025, மதியம் 3.40

மாசம் 500 பத்தி சொல்லாம விட்டுட்டேன். எனக்கு இது வயித்தெரிச்சலான விஷயம்.

எங்களுது பினாங்கு லிட்டில் இந்தியாவுல மசாலா அரைக்கிற கடை, அப்பா காலத்து கடை. 2018ல நானும் ஒருத்தர்கிட்ட மாட்டினேன், பேர் வேணாம். மாசாமாசம் கலர் கலரா ரிப்போர்ட் வரும், பதினாலு வார்த்தைக்கு நீங்க நம்பர் ஒன்னுன்னு. நானும் அப்பாகிட்ட பெருமையா காட்டினேன். அப்பா கண்ணாடியை போட்டு படிச்சுட்டு, என்னப்பா எல்லா வரியிலயும் நம்ம கடை பேரு இருக்கு, நம்ம கடை பேரை தெரிஞ்சவன் நம்மள தேடவா போறான்னு கேட்டார். அப்பதான் எனக்கு உறைச்சது. சொந்தப் பேருக்கு முதல்ல வர்றது எல்லா கடைக்கும் நடக்குறதுதான். பினாங்குல சாம்பார் பொடி எங்க கிடைக்கும், கறி மசாலா அரைச்சு குடுக்குறவங்க யாருன்னு தேடுறவன் கண்ணுல படுறோமாங்கிறதுதான் கேள்வி, அதுக்கு அந்த ரிப்போர்ட்ல ஒரு வரி கிடையாது. பதினோரு மாசம் கட்டினேன்.

முதல் இடம் கேரண்டின்னு யாரு சொன்னாலும் எழுந்து வந்துடுங்க. அப்படி யாராலயும் தர முடியாதுன்னு கூகுளே அவங்க உதவிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கு. பலன் தெரிய நாலு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும்னும் அவங்க ஆளுங்க சொல்லியிருக்காங்க, அதனால பொறுங்கன்னு சொல்றது மட்டும் ஏமாத்து வேலை ஆகாது. எட்டு மாசமா சொந்தப் பேருக்கே வரலங்கிறதை கவனிக்காம பில் அனுப்பினது இருக்கே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

9 ஜூலை 2025, இரவு 8.50
பிறை சமையல்கட்டு

அண்ணே டிக் இருந்துச்சு!! கேட்டதும் பத்து நிமிஷத்துல எடுத்துட்டார், சாரி சொல்லிட்டு அடுத்த மாச பில்லையும் அனுப்பிட்டார். எங்ககிட்ட எந்த லாகினும் இல்ல. டொமைன், அதான் வெப்சைட் முகவரி, அதைக் கூட அவர் பேர்லதான் எடுத்தேன்னார்.

9 ஜூலை 2025, இரவு 10.10

இப்ப பணத்தை பத்தி சண்டை போடாதீங்க, முதல்ல சாவியை வாங்குங்க. டொமைன் உங்க பேருக்கோ கம்பெனி பேருக்கோ மாறணும், இதுதான் முதல். உங்களுது காம் மைன்னு முடியுது, டாட் மைன்னு முடியுற மலேசிய டொமைனெல்லாம் மைனிக்னு ஒரு பதிவு அமைப்பு கையில இருக்கு, அவங்ககிட்ட யார் பேர்ல பதிவாகியிருக்கோ அவருதான் சொந்தக்காரர். நீங்க காசு குடுத்தது அங்க தெரியாது. வெப்சைட்டை வச்சிருக்குற ஹோஸ்டிங்கோட லாகின், வேர்ட்பிரஸ் அட்மின், சர்ச் கன்சோல்ல நீங்க ஓனர், அவர் வேணும்னா யூசர். எல்லாம் கைக்கு வந்து பாஸ்வேர்ட் மாத்தினதுக்கு அப்புறம் 500 வெள்ளியை நிறுத்துங்க. அதுக்கு முன்னாடி நிறுத்திட்டு, டொமைன் காலாவதியாகுற நேரத்துல அவர் ஃபோன் எடுக்கலன்னா மாமியார் பேர் வச்ச முகவரி கைவிட்டு போயிடும். வாடகைக்கு இருந்தா கூட வீட்டு சாவி நம்ம கையிலதானே இருக்கும்.

12 ஜூலை 2025, இரவு 11.55

சாவி வந்துடுச்சுன்னு பாத்தேன், ரொம்ப சந்தோஷம். இன்னிக்கி கடை சீக்கிரம் சாத்தினேன், உங்க சைட்டை ஃபோன்லயே முழுசா பாத்தேன். சொல்ல நிறைய இருக்கு.

உங்க பக்கத்துல எழுத்தே இல்லம்மா. முகப்புல ஒரு பெரிய வாழை இலை படம், அதுக்கு மேல பரம்பரைச் சுவைன்னு ஒரு வரி, கீழ மெனு. மெனுவை போஸ்டரா டிசைன் பண்ணி அப்படியே படமா ஏத்தியிருக்காங்க. நெய் சாதம், வெண்டைக்காய் பச்சடி, ஆட்டுக்கறி பிரட்டல், பாயாசம் எல்லாம் நம்ம கண்ணுக்கு தெரியுது, ஆனா எல்லாம் படத்துக்குள்ள இருக்கு. ஒரு பக்கத்துல என்ன இருக்குன்னு தேடுபொறி முடிவு பண்றது முக்கியமா எழுத்தை வச்சு. அந்த போஸ்டர் நாலு எம்பி வேற, எங்க கடை வைஃபைலயே மெதுவாதான் இறங்குச்சு. பக்கத்தோட பெரிய பகுதி ரெண்டரை நொடிக்குள்ள கண்ணுக்கு வந்துடணும்னு கூகுள் அளவு வச்சிருக்கு. அளவு கிடக்கட்டும், கல்யாண மண்டபத்துல நின்னுக்கிட்டு ஒரு கையில ஃபோனை வச்சு தேடுற பெண்ணோட அண்ணன் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டான்.

பக்கத் தலைப்பு ஹோம்னு இருக்கு. தேடினா நீல எழுத்துல வர்ற வரி அதுல இருந்துதான் பெரும்பாலும் எடுக்குறாங்க. நீங்க யாரு, என்ன பண்றீங்க, எங்க பண்றீங்கன்னு ஒரே வரியில மாத்துங்க. பத்து நிமிஷ வேலை, ஆனா இதைவிட பலன் தர்ற பத்து நிமிஷம் வேற இல்லன்னு என் அனுபவம்.

என்ன எழுதறதுன்னு கேப்பீங்க. உங்க வாட்ஸ்அப்பை திறங்க. போன ஆறு மாசத்துல ஆர்டர் குடுத்தவங்க, குடுக்காம போனவங்க, முதல் மெசேஜ்ல என்ன கேட்டாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. நான் இதை 2020ல கொரோனா ஊரடங்கு, எம்சிஓ அப்போ பண்ணேன், கடை சாத்தி கிடந்துச்சு, வேற வேலை இல்ல. எங்க பக்கத்துல பரம்பரை, தரம், பாரம்பரியம்னு எழுதி வச்சிருந்தோம், ஆனா ஒருத்தர் கூட பாரம்பரியம் இருக்கான்னு கேக்கல. ஒரு கிலோ கறிப்பொடி எவ்வளவு, உறைப்பு எப்படி, நானே மிளகா வாங்கி வந்தா அரைச்சு தருவீங்களா, கோலாலம்பூருக்கு போஸ்ட் பண்ணுவீங்களா, இதுதான் கேட்டாங்க. நாலு கேள்விக்கும் நாலு பத்தி எழுதினேன், விலை போட்டு. சொந்த மிளகா பத்தி எழுதின பத்தி இன்னிக்கி வரைக்கும் ஆள் கொண்டு வருது, அதை யாருமே எழுதி வைக்கலையே.

உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். 50 பேருக்கு சமைப்பீங்களா, 200 பேருக்கு என்ன விலை, இலை போட்டு பரிமாற ஆள் வருமா, பதினாறாம் நாள் சாப்பாட்டுல என்னென்ன, முட்டை கூட படாத தனி பாத்திரம் இருக்கா. கடைசி கேள்விக்கு பதில் எழுதினாலே கோயில் கமிட்டிக்காரங்க நின்னு படிப்பாங்க. விலையை மறைக்காதீங்க, தலைக்கு இத்தனை வெள்ளியில இருந்துன்னாவது போடுங்க.

அப்புறம் எந்த மொழியில. நம்ம ஆளுங்க தமிழ்ல பேசுவாங்க, கூகுள்ல இங்கிலீஷ்லயும் மலாய்லயும் அடிப்பாங்க. வாழை இலை சாப்பாட்டை நாசி டாவுன் பிசாங்னு அடிக்கிறவன் தமிழனாவும் இருப்பான், சீனராவும் இருப்பார், ஆபீஸ் விருந்துக்கு ஆர்டர் போடுற மலாய்க்காரராவும் இருப்பார். மூணு மொழியையும் ஒரே பக்கத்துல போட்டு பிசையாதீங்க, மொழிக்கு ஒரு பக்கம். ஊர் பேரும் பாருங்க, பிறையை பழைய ஸ்பெல்லிங்ல எழுதறவங்க பாதி, புது மலாய் ஸ்பெல்லிங்ல எழுதறவங்க பாதி, கூகுள் ரெண்டையும் ஓரளவு புரிஞ்சுக்கும், இருந்தாலும் ரெண்டும் பக்கத்துல எங்கயாவது இயல்பா வரட்டும். எங்க தெருவை பழைய ஆளுங்க கடைத்தெருன்னுதான் சொல்லுவாங்க, அப்பா இன்னும் அப்படித்தான் சொல்றார், ஆனா அந்தப் பேர்ல தேடி ஒரு ஆள் வந்ததில்ல. மனசுக்கு கஷ்டமா இருந்தாலும் லெபோ பசார்னுதான் எழுதி வச்சிருக்கேன். கடைத்தெருன்னு எங்களை பத்தி எழுதின பக்கத்துல இருக்கு, அது அப்பாவுக்காக.

13 ஜூலை 2025, காலை 9.30

கீவர்டு டேக்ல இதெல்லாம் அடுக்கி போட்டா போதாதான்னு ஈப்போல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். தலைப்பகுதியில கண்ணுக்கு தெரியாம போடுற கீவர்டு பட்டியலை ரேங்கிங்குக்கு பாக்குறதே இல்லன்னு கூகுள் 2009லயே வெளிப்படையா சொல்லிடுச்சு. இன்னும் அதுக்கு பில் போடுறவங்க இருக்காங்க.

20 ஜூலை 2025, மாலை 5.00

மேப் விஷயம். உங்க மாதிரி தொழிலுக்கு வெப்சைட்டை விட கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது மேப்ல வர்ற கடை விவரம், முக்கியம்னு கூட சொல்லுவேன். இலவசம். 2021 கடைசி வரைக்கும் மை பிசினஸ்னு பேர் இருந்துச்சு, அதேதான். அக்கம்பக்க தேடல்ல மூணு விஷயம் பாக்குறாங்கன்னு கூகுளே சொல்லுது, தேடினதுக்கு நீங்க பொருந்துறீங்களா, எவ்வளவு தூரத்துல இருக்கீங்க, எவ்வளவு பேர் வாங்கினவங்க. தூரத்தை நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. ஜார்ஜ்டவுன்ல நின்னு தேடுறவனுக்கு பிறையில இருக்குற உங்களை விட கொம்தார் பக்கத்துல இருக்குறவங்க முன்னாடி வருவாங்க, பாலம் தாண்டி வரணுமே. அதுக்காக தீவுப் பக்கம் ஒரு பொய் முகவரி போடலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, புரொஃபைலையே முடக்கிடுவாங்க.

நீங்க வீட்டுல சமைக்கிறீங்க, கஸ்டமர் வீட்டுக்கு வர்றதில்ல. அப்ப முகவரியை மறைச்சுட்டு எந்தெந்த ஊருக்கு போவீங்கன்னு மட்டும் போடணும், இருபது இடம் வரைக்கும் போடலாம். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால், தீவு. சரிபார்க்க வீடியோ கேப்பாங்க, அடுப்பு, அண்டா, பேர் போட்ட வேன் எல்லாம் ஒரே ஓட்டத்துல காட்டி எடுங்க. பேர் இடத்துல கடை பேர் மட்டும். கூடவே சிறந்த இந்தியன் கேட்டரிங் பினாங்குன்னு ஒட்ட வைக்கிறது விதிக்கு விரோதம், எதிர்க்கடைக்காரர் ரிப்போர்ட் பண்ணா போச்சு. வகை தேர்ந்தெடுக்குற இடத்துல ரெஸ்டாரண்ட் போட்டுடாதீங்க, கேட்டரர் போடுங்க. ரெஸ்டாரண்ட்னு போட்டா மத்தியானம் பசியோட ஆள் வாசல்ல வந்து நிப்பாங்க.

ரிவ்யூ ரொம்ப முக்கியம். நாங்க ரிவ்யூ எழுதினவங்களுக்கு அடுத்த தடவை 10 விழுக்காடு கழிவு குடுத்தோம், நல்லா வேலை செஞ்சது.

21 ஜூலை 2025, காலை 6.45

ரிவ்யூவுக்கு கழிவு குடுக்காதீங்க. நேத்து அதை யோசனையா எழுதினது தப்பு. பொண்ணு படிச்சுட்டு, அப்பா அது கூகுள் விதிப்படி கூடாது, காசோ கழிவோ இலவசமோ குடுத்து ரிவ்யூ வாங்கக் கூடாதுன்னு காட்டினா. உண்மைதான், எழுதியே வச்சிருக்காங்க. நாங்க அப்படி ஒரு தீபாவளிக்கு பண்ணோம், அதை இங்க ஒத்துக்குறேன், அந்த அட்டையை கல்லாவுல இருந்து எடுத்தாச்சு. கேக்குறது தப்பில்ல. புரொஃபைல்லயே ரிவ்யூக்குன்னு ஒரு லிங்க் தருது, விருந்து முடிஞ்சு மறுநாள் நன்றி சொல்லி மெசேஜ் போடுவீங்கல்ல, அதுல அந்த லிங்க்கை போடுங்க. நல்லா எழுதுவாங்கன்னு தோணுறவங்களுக்கு மட்டும் அனுப்புறதும் கூடாது, எல்லாருக்கும் அனுப்பணும். உப்பு கம்மின்னு ஒருத்தர் எழுதினா பொறுமையா பதில் எழுதுங்க, அந்தப் பதிலை படிச்சுட்டுத்தான் அடுத்தவர் உங்களை நம்புவார்.

3 ஆகஸ்ட் 2025, இரவு 10.30

தமிழ்ப் பக்கம் போட்டேன், ஆனா அதுல இருக்குற வார்த்தையை அப்படியே தேடினாலும் வரலன்னு எழுதியிருந்தீங்க. பாத்தேன். எனக்கு பழைய ஞாபகமெல்லாம் வந்துடுச்சு.

அந்த எழுத்தை அச்சகத்துல இருந்து வாங்கி ஒட்டியிருக்கீங்க, கல்யாண அட்டை அடிக்கிறவங்ககிட்ட. அது பாமினி மாதிரி பழைய எழுத்துரு. பாக்க தமிழா தெரியும், ஆனா உள்ள இருக்குறது ஆங்கில எழுத்து, அதுக்கு மேல தமிழ் வேஷம் கட்டியிருக்கு. நம்புறதுக்கு அந்த வரியை காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல ஒட்டுங்க, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டும். கூகுள் படிக்கிறது அந்தக் குப்பையைத்தான். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட்ல இருந்தாதான் அது தமிழ். 2000 வாக்குல தமிழ் இணையத்துல ஆளுக்கு ஒரு எழுத்துரு, தளத்துக்கு தளம் ஃபாண்ட் இறக்கணும், தேடவே முடியாது. அதை சரி பண்ண உழைச்சவங்கள்ல நம்ம மலேசிய ஆளு முத்து நெடுமாறனும் ஒருத்தர், தமிழ்ல தட்டுற முரசு அஞ்சலும் செல்லினமும் அவரோட வேலை. அவ்வளவு பேர் பாடுபட்டு தமிழை தேடக்கூடிய எழுத்தா ஆக்கி வச்சிருக்காங்க, நாம இன்னும் கல்யாண அட்டை ஃபாண்ட்டை வெப்சைட்ல ஒட்டிட்டு இருக்கோம், பாக்கவே வருத்தமா இருக்கு.

ஃபோன்ல தமிழ்ல தட்டினாலே யூனிகோட்தான் வரும். உக்காந்து திரும்ப தட்டுங்க. எழுத்துரு மாத்தி குடுக்குற கருவி இணையத்துல இருக்கு, ஆனா ஒரு தடவை வாய்விட்டு படிச்சு பாருங்க, கொம்பும் காலும் இடம் மாறி கிடக்கும்.

17 ஆகஸ்ட் 2025, மதியம் 2.15

கிள்ளான் அண்ணே ஒருத்தர் 300 பேக்லிங்க், அதாவது வேற தளங்கள்ல இருந்து நம்ம தளத்துக்கு வர்ற லிங்க், 99 வெள்ளின்னு ஒரு விளம்பரத்தை போட்டு எடுக்கலாமான்னு கேட்டார். வேணாம்ணே. கூகுள் ஆரம்பிச்சதே யாரு யாரை சுட்டிக்காட்டுறாங்கன்னு எண்ணித்தான், 1998ல ஸ்டான்ஃபோர்ட்ல படிச்ச ரெண்டு பேரோட யோசனை அது. அதை தெரிஞ்சுக்கிட்டு லிங்க் விக்கிற கடை முளைச்சுச்சு, 2012ல பெங்குவின்னு ஒரு மாற்றம் கொண்டு வந்து அந்த மாதிரி லிங்க் வாங்கின தளங்களை கீழ தள்ளினாங்க. இப்பல்லாம் அப்படிப்பட்ட லிங்க்கை பெரும்பாலும் கணக்குலயே எடுக்காம விட்டுடுறாங்க, ஆக 99 வெள்ளி தண்ணியில போகும். அதை விட, நீங்க சாமான் குடுக்குற கோயில் தன்னோட தளத்துல உங்க பேரை போட்டா, மண்டபக்காரர் எங்க மண்டபத்துல சமைக்கிறவங்கன்னு உங்களுக்கு ஒரு லிங்க் குடுத்தா, அந்த ரெண்டு போதும். கேட்டா குடுப்பாங்க. வாங்க காசு தேவையில்ல, போய் ஒரு டீ குடிச்சிட்டு பேசணும்.

28 செப்டம்பர் 2025, இரவு 9.20

சர்ச் கன்சோல்ல இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவுல நம்ம பக்கம் காட்டின எண்ணிக்கை, திடீர்னு இறங்கிடுச்சுன்னு ரெண்டு பேர் பதறியிருக்கீங்க. எனக்கும் இறங்கியிருக்கு. இந்த மாசம் பாதியில, ஒரே பக்கத்துல நூறு முடிவு காட்டுற வழியை கூகுள் எடுத்துடுச்சு. ரேங்க் பாக்குற மென்பொருளெல்லாம் அந்த வழியில வந்து சுரண்டிட்டு போகும், எழுபதாவது எண்பதாவது இடத்துல இருந்த நம்ம பக்கத்தையும் யாரோ பாத்ததா எண்ணிக்கை ஏறிட்டு இருந்துச்சு. அது போயிடுச்சு. க்ளிக் இறங்கியிருக்கான்னு பாருங்க, எனக்கு இறங்கல. மனுஷன் அப்படியேதான் இருக்கான்.

11 அக்டோபர் 2025, இரவு 12.40

தீபாவளிக்கு ஒன்பது நாள், முறுக்கு மாவு அரைச்சு முடியல, அதனால சுருக்கமா ஒண்ணு மட்டும். 2022ல கடையை ரெண்டு தெரு தள்ளி மாத்தினோம். மேப்ல மாத்தினேன், வெப்சைட்ல மாத்தினேன், ஏதோ ஒரு பழைய தொழில் டைரக்டரியில இருந்ததையும் ஃபேஸ்புக்ல இருந்ததையும் மாத்தல. அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் சுங்கை பட்டாணியில இருந்து ஒரு பாட்டியம்மாவை கூட்டிட்டு ஒரு குடும்பம் பழைய கடை வாசல்ல அரை மணி நேரம் நின்னுருக்காங்க, ஃபோன் நம்பரும் பழசு. பக்கத்து பூக்கடைக்காரர் கைப்பிடிச்சு கூட்டிட்டு வந்தார். அந்தப் பாட்டி வேர்த்துப்போய் வந்து உக்காந்தது இன்னும் கண்ணுல நிக்குது. உங்க பேர், நம்பர், இடம் எங்கெல்லாம் இருக்குன்னு இன்னிக்கே ஒரு தடவை தேடிப் பாருங்க.

26 அக்டோபர் 2025, மாலை 4.05
பிறை சமையல்கட்டு

அண்ணே, வெப்சைட் பாத்துட்டு முதல் ஆர்டர்!! நிபோங் திபால்ல பதினாறாம் நாள் சாப்பாடு, 80 பேர். நீங்க முட்டை படாத தனி பாத்திரம்னு போட்டிருந்தீங்களேன்னு அந்தக்கா சொன்னாங்க. மாமியார்கிட்ட சொன்னேன், அதை நான் நாப்பது வருஷமா சொல்லிட்டு இருக்கேன்னாங்க. இன்னொண்ணு, இப்ப எல்லாரும் சாட்ஜிபிடிகிட்டதானே கேக்குறாங்க, இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?

26 அக்டோபர் 2025, இரவு 11.30

படிச்சதும் வீட்டம்மாவை எழுப்பி காட்டினேன். மாமியார் நாப்பது வருஷமா வாயால சொன்னதை நீங்க எழுத்துல போட்டீங்க, ஆர்டர் அதுக்கு வந்திருக்கு.

ஏஐ கேள்விக்கு வர்றேன். கூகுள்ல மேல ஒரு பத்தியா ஏஐ பதில் வருது பாருங்க, அதுக்கு வர தனியா எந்த வித்தையும் வேணாம், பட்டியல்ல ஏறி, தேடல் முடிவுல ரெண்டு வரி துணுக்கா காட்டக்கூடிய பக்கமா இருந்தா போதும்னு கூகுள் சொல்லுது. அதுக்கும் எடுத்து பேச எழுத்து வேணும்ல, அது உங்க பக்கத்துல இப்ப இருக்கு. ஏஐல முதல் இடம் கேரண்டின்னு ஒரு புது கூட்டம் கிளம்பியிருக்கு, போன வாரம் என்னையே ஒருத்தர் கூப்பிட்டார், அதே பழைய குரல் மாதிரி இருந்துச்சு. ஆனா ஒரு கவலை எனக்கும் இருக்கு, மறைக்கல. கறிப்பொடியில என்னென்ன போடணும்னு நான் எழுதின பக்கத்துக்கு முன்ன மாதிரி ஆள் வர்றதில்ல, மேல வர்ற பதிலையே படிச்சுட்டு போயிடுறாங்கன்னு நினைக்கிறேன். விலை, அளவு, எப்ப கிடைக்கும்னு இருக்குற பக்கம் குறையல. நீங்க சமையல் குறிப்பு எழுத நேரம் செலவழிக்காதீங்க, ஆர்டர் குடுக்குறவங்க கேக்குறதை எழுதுங்க.

9 நவம்பர் 2025, காலை 8.20

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கீங்க, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், கூலிம், மொத்தம் ஒன்பது. ஊர் பேரை தவிர எல்லாம் ஒரே எழுத்து. நான் சேவை ஊர்களை பத்தி ஜூலைல எழுதினதை வச்சுத்தான் பண்ணியிருப்பீங்க, அது மேப் புரொஃபைலுக்கு சொன்னது, தெளிவா சொல்லாதது என் தப்பு. இப்படி ஊர் பேரை மட்டும் மாத்தி வரிசையா பக்கம் போடுறதை கூகுள் ஸ்பேம்ல சேர்த்து வச்சிருக்கு. ஒன்பதையும் எடுத்துட்டு ஒரு பக்கம் ஆக்குங்க, பழைய முகவரியெல்லாம் அந்த ஒண்ணுக்கே போற மாதிரி 301 வழிமாற்றம் போடுங்க, வேர்ட்பிரஸ்ல அதுக்கு இலவச பிளக்இன் இருக்கு. ஒரு ஊர்ல நிஜமா சொல்ல விஷயம் இருந்தா தனிப் பக்கம் சரி. நிபோங் திபால்ல அந்த 80 பேர் சாப்பாடு, அங்க எத்தனை மணிக்கு போய் அடுப்பு வச்சீங்க, தண்ணி வசதி எப்படி, வீட்டுக்காரங்க சம்மதிச்சா இலை போட்ட படம், இப்படி எழுதினா அது அந்த ஊர் பக்கம்.

தைப்பூசம் பத்தி கேட்டீங்களே. அடுத்த வருஷம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர்ப்பந்தலுக்கு சமைச்சு குடுக்குறதை பத்தி இப்பவே பக்கம் போட்டுடுங்க, ஜனவரியில போட்டா ஏறுறதுக்குள்ள ரதம் கிளம்பிடும். முகவரியில வருஷத்தை போடாதீங்க. திருவிழா முடிஞ்சதும் பக்கத்தை அழிக்காதீங்க, அடுத்த வருஷம் அதே பக்கத்துல தேதியும் விலையும் மட்டும் மாத்துங்க, நாங்க முறுக்கு மாவு பக்கத்தை அப்படித்தான் அஞ்சு வருஷமா வச்சிருக்கோம். எத்தனை பேருக்கு எத்தனை அண்டா மோர், எத்தனை கிலோ அரிசின்னு மாமியாருக்கு மனப்பாடமா தெரியும், அதை கேட்டு எழுதுங்க. கணக்கு வந்ததும் இங்க போடுங்க, மிளகாவும் மல்லியும் எவ்வளவு அரைக்கணும்னு நானும் பாத்துக்குறேன்.